கடைசி சீட்டில் இரண்டு தட்டு

சென்னை மாநகரத்தில் ஒரு மூன்றாவது மாடியில் எழுந்தருளியிருக்கும் என் மகன் வேலுவுக்கு, பழனி மலைத்தொடரின் மேல் ஒரு பழைய வேனையும் ஒரே ஒரு மனைவியையும் கட்டி ஆண்டுகொண்டிருக்கும் உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. வடகவுஞ்சியில் மழை நலம். அட்டைகள் மிக நலம். உன் சித்தியின் குரல் முன்னைக் காட்டிலும் நலம். உன் அம்மாவின் நலம் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நான் போனில் வாயைத் திறந்ததும் "டவர் இல்ல சித்தப்பா" என்று சொல்லிவிட்டு மறைந்துவிடுகிறாய். சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஒரு வடகவுஞ்சிக்காரனிடம் டவர் இல்லை என்று சொல்லும் துணிச்சல் நம் வம்சத்திலேயே உனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறது. கடிதத்துக்கு டவர் தேவையில்லை. எழுதி முடித்ததும் உன் சித்தி பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவாள். நர்மதா உன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்தால் தடுக்காதே. கல்யாணமாகி இன்னும் ஒரு தீபாவளி கூட ஆகவில்லை, அந்தப் பெண் எப்படிப்பட்ட பரம்பரைக்குள் வந்து சேர்ந்திருக்கிறாள் என்பதை முழுசாகத் தெரிந்துகொள்ளட்டும்.

அண்ணன் மகனுக்கு இவன் என்ன அப்பா ஸ்தானத்தில் கடிதம் எழுதுவது என்று யாராவது கேட்டால் சொல், சித்தப்பா என்றால் சின்ன அப்பா. பெரிய அப்பாவான என் அண்ணன் இருந்தவரை எங்களுக்குள் வேலைப் பங்கீடு ஒழுங்காக இருந்தது. உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது அவர் சோலி. பாதி வழியில் மறித்து பிளம்ஸ் மரத்தில் ஏற்றுவது என் சோலி. அவர் போன பிறகு இரண்டு சோலியும் என் தலையில் விழுந்தன. பள்ளிக்கூட வேலையை நீயே பார்த்துக்கொண்டாய். மரமேற்றுகிற வேலையை நான் இன்றுவரை விடவில்லை. இப்போதும் உன்னை ஒரு மரத்தில்தான் ஏற்றப் போகிறேன், கொஞ்சம் உயரமான மரம்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியாது. உன் அம்மாவும் சித்தியும் எதிரெதிரே உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார்கள். கை ஈரம் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் சித்தி. நீயும் நர்மதாவும் அடுத்த வெள்ளிக்கிழமை ரயிலேறி திருச்செந்தூர் போகிறீர்கள் என்று சொன்னாய். அண்ணியின் முகத்தை நான் பார்த்தேன். சீசனில் முதல் டூரிஸ்ட் பஸ்ஸைப் பார்த்த பெருமாள்மலைக் கடைக்காரன் மாதிரி ஒரு வெளிச்சம். அதற்குள் நீ அடுத்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டாய். "அம்மாவுக்கு எதுக்கு அலைச்சல், சித்தப்பா. அவங்க வேண்டுதல நாங்க ரெண்டு பேருமே முடிச்சிட்டு வந்துர்றோம்." நீ நல்ல மனதோடுதான் சொன்னாய். எனக்குத் தெரியும். அந்த அறையில் இருந்த பீன்ஸுக்கும் தெரியும். ஆனால் அண்ணி உரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தாமல், "ஆமாப்பா, அதான் நல்லது" என்றார். நீ போனை வைத்தாய். கொஞ்ச நேரம் கழித்து அண்ணி எழுந்து உள்ளே போனார். பீரோவின் மேல்தட்டில் எடுப்பாக வைத்திருந்த அரக்கு நிறச் சுங்குடிச் சேலையை எடுத்து, அடித்தட்டில் பழைய கம்பளிகளுக்குக் கீழே வைத்தார். சித்தி ஏதோ சொல்லப் போனாள். "விடு. நான் வந்தா ஏதாச்சும் ஆகத்தான் செய்யுது. அவன் சொன்னது நெசந்தான" என்றார்.

அந்தச் சேலை என்ன சேலை என்று உனக்குத் தெரியுமா? போன வருஷம் கடலுக்குப் போவதற்கென்றே சின்னாளபட்டிச் சேலைக்காரரிடம் வாங்கியது. இன்னும் கஞ்சி கூடப் போகாத புதுச்சேலை. கடல் தண்ணீர் பட்டால் சாயம் போகாது என்று அந்த ஆள் சூடம் அடிக்காத குறையாகச் சத்தியம் பண்ணினார்.

நர்மதாவுக்காக ஒரு கிளைக்கதை சொல்கிறேன். உனக்குச் சிறு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. எப்பேர்ப்பட்ட காய்ச்சல் என்றால், உன் நெற்றியில் அப்பளம் வைத்தால் பொரிந்திருக்கும். மலையைச் சுற்றிலும் மழை. உன் அம்மா முருகனிடம் வேண்டிக்கொண்டார். நம் வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் பழனி. ஆனால் அண்ணி வேண்டிக்கொண்டது திருச்செந்தூர் முருகனை. ஏன் இவ்வளவு தூரம் என்று உன் அப்பா கேட்டதற்கு, "பக்கத்துல இருக்கிற சாமிகிட்டக் கேட்டா அது வேண்டுதலா? பக்கத்து வீட்டுல சீனி கேக்குற மாதிரில்ல இருக்கும்" என்றார். நீ பிழைத்தால் உன் கையைப் பிடித்துக்கொண்டு கடலில் இறங்கி முங்கி எழுந்து சாமி கும்பிடுகிறேன் என்பது வேண்டுதல். காய்ச்சல் இறங்கிவிட்டது. நாம்தான் இன்னும் மலையிலிருந்து இறங்கி முடிக்கவில்லை.

இதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. உலகமே டூர் வருகிற ஊரில் பிறந்தவன் டூர் போக முடியாது என்பது நம் ஜாதகம். சித்திரை, வைகாசியில் கிளம்பலாம் என்றால் அதுதான் வேனுக்கு நாலு காசு கிடைக்கும் காலம். அந்த மாதங்களில் பெருமாள்மலையில் நெரிசலில் மாட்டிய ஒரு கார் கொடைக்கானல் ஏரிக்குப் போய்ச் சேர்வதற்குள், பின்சீட்டில் இருந்த கைக்குழந்தைக்கு மீசை அரும்பிவிட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சீசன் முடிந்தால் மழை. மழை முடிந்தால் பூண்டு. பூண்டு முடிந்தால் யாருக்காவது காதுகுத்து. அதுவும் முடிந்தால் மறுபடி சீசன். இப்படியே உன் அம்மாவுக்குத் தலை நரைத்துவிட்டது.

நடுவில் நாம் போன பயணங்களைப் பற்றிச் சரித்திர ஆசிரியர்கள் எழுதினால் தாள் பற்றாது. நீ அரை டவுசர் போட்டிருந்த காலத்தில் மதுரைப் பொருட்காட்சிக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? மே மாதம். வேன் ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால் பஸ்ஸில் போனோம். சாயங்காலம் குளிரும் என்று சொல்லி உன் அம்மா எல்லோருக்கும் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் மாட்டிவிட்டார். மலையில் அவருக்குத் தெரிந்த எல்லாச் சாயங்காலங்களும் குளிர்ந்தவைதானே. பெரியார் பஸ் நிலையத்தில் நாம் இறங்கியபோது மதுரைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக ஒதுங்கி வழிவிட்டார்கள். ஏதோ கொள்ளை நோய் வந்து ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற குடும்பம் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு புண்ணியவான் உன் அப்பாவின் கையில் இளநீரைக் கொடுத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு ஓடினான். உன் அப்பா குல்லாவைக் கழற்றாமலே அதைக் குடித்தார். அண்ணி போட்டுவிட்டதை அண்ணி கழற்றச் சொல்லாமல் கழற்ற மாட்டார், அவர் அப்படி. அன்றைக்கு நாம் பொருட்காட்சியில் என்ன பார்த்தோம் என்று இன்று யாராவது கேட்டால் ஒன்றுமே ஞாபகம் இல்லை. அந்த இளநீர் மட்டும் இன்னும் நம் வீட்டில் வாரம் ஒருமுறை பேசப்படுகிறது.

கடல் விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணமாகி அண்ணி வந்த புதிதில், புதுப்பெண்ணை ஏமாற்றுவது கொழுந்தனின் பிறப்புரிமை என்ற எண்ணத்தில், கொடைக்கானலில் பள்ளத்தாக்கு ஓரமாகக் கூட்டிப் போய், கீழே தூரத்தில் பளபளவென்று தெரிந்த வைகை அணைத் தண்ணீரைக் காட்டி, "அண்ணி, அதான் கடல்" என்றேன். அண்ணி கண்ணை இடுக்கிப் பார்த்தார். "அப்படியா தம்பி. எங்க ஊரு அடுக்கத்துல இருந்து பாத்தாலும் இதே கடல்தான் தெரியும். எங்க மாமா அந்தக் கடல்ல இருந்துதான் நெல்லுக்குத் தண்ணி பாச்சுறாரு" என்றார். உன் அப்பா அன்று சிரித்த சிரிப்பில் ஒரு யூகலிப்டஸ் மரம் சாய்ந்ததாகக் கேள்வி. அன்றிலிருந்து இன்றுவரை நான் அண்ணியிடம் எத்தனையோ பொய்கள் சொல்லியிருக்கிறேன், ஒன்றில் கூட ஜெயித்ததில்லை. இதை மனதில் வைத்துக்கொள். பின்னால் தேவைப்படும்.

இனி போன வருஷம். உன் கல்யாணப் பத்திரிகையைத் திருச்செந்தூரில் சாமி காலடியில் வைத்து, அப்படியே வேண்டுதலையும் முடித்துவிடலாம் என்று கிளம்பினோமே, அந்த மாபெரும் படையெடுப்பு. நர்மதா, இந்த வேனின் சட்டம் ஒன்று உனக்குத் தெரிய வேண்டும் அம்மா. மலையில் மேகம் இறங்கிவிட்டால் பின்சீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. மேகத்தை அரிவாளால் வெட்டிப் பாத்தி கட்டலாம், அப்படி அடர்ந்து கிடக்கும். கண்ணாடியில் பார்த்தாலும் மூட்டைதான் தெரியும். ஆகவே எங்கள் வண்டியில் கடைசி சீட்டில் உட்காருகிறவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வெளித் தகரத்தில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். எல்லாரும் ஏறியாச்சு, எடுக்கலாம் என்று அர்த்தம். தட்டு விழாமல் நான் வண்டியை நகர்த்தியதில்லை. உன் மாமியார் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்தக் கடைசி சீட்டு அவருடையது. வளையல் சத்தத்தோடு விழும் அந்த இரண்டு தட்டு. கண்டக்டர் வேலைக்குப் போயிருந்தால் இந்நேரம் அரசாங்கம் அவருக்கு ஒரு பஸ் டிப்போவையே எழுதி வைத்திருக்கும்.

அன்று மலை இறங்கும்வரை எல்லாம் சுகம். ஊத்து தாண்டி, காட்ரோடு தாண்டிச் சமவெளிக்கு வந்ததும்தான் அண்ணிக்கு வயிற்றைப் பிரட்டியது. ஊர் உலகத்தில் எல்லாருக்கும் வளைவில்தான் குமட்டும். நமக்கு நேர்ரோடு ஒத்துக்கொள்ளாது. உடம்பு அடுத்த கொண்டை ஊசி வளைவுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும், வளைவு வராது, ஏமாந்த உடம்பு கோபித்துக்கொள்ளும். வத்தலக்குண்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். சித்தியிடம் முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி அண்ணி பின்கதவு வழியாக இறங்கியிருக்கிறார். சித்தி தூக்கத்திலேயே சரி என்றிருக்கிறாள். தூக்கத்தில் அவள் சொல்லும் சரிக்கு எந்தக் கோர்ட்டிலும் மதிப்பில்லை. நீ முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து நர்மதாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாய். அந்த நேரத்தில் யானை வந்து உன் மடியில் உட்கார்ந்திருந்தாலும், கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லியிருப்பாய்.

அப்போது விழுந்தது அந்தத் தட்டு. வளையல் சத்தத்தோடு, டம் டம் என்று, அச்சு அசல். நான் வண்டியை எடுத்துவிட்டேன். தட்டியது யார்? ஆயக்குடிக் கொய்யா விற்கிற ஒரு அம்மாள். சித்தியை எழுப்பி வியாபாரம் பண்ண ஜன்னலுக்குக் கீழே தட்டியிருக்கிறார். உலகத்தில் வேறு எந்த வண்டியும் கொய்யாக்காரியின் சொல் கேட்டுக் கிளம்பியிருக்காது. நம் வண்டி கிளம்பியது.

நிலக்கோட்டை தாண்டி சித்தி விழித்து, முறுக்குத் தூக்கைக் கேட்கப் பின்னால் திரும்பினாள். அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நீ நடந்ததைப் பார்க்கவில்லை, நடந்ததற்குள் இருந்தாய். நீ அம்மாவின் போனுக்கு அடித்தாய். மணி கடைசி சீட்டில், முறுக்குத் தூக்குக்குப் பக்கத்தில், அம்மாவின் கைப்பையில் அடித்தது. அந்த மணி அடித்தபோது உன் முகம் இருந்த நிலையை நான் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. நான் வண்டியை வத்தலக்குண்டுக்குத் திருப்பினேன். வேன் நிற்பதற்கு முன்பே குதித்தாய். தாடி வைத்த, ஆறடி வளர்ந்த, கம்பெனியில் பத்துப் பேரை வேலை வாங்குகிற ஆள், ஒரு கால் செருப்பு எங்கோ கழன்று கிடக்க, வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்கி அம்மா அம்மா என்று கத்திக்கொண்டு ஓடினாய். பஸ்ஸில் இருந்த எல்லா அம்மாக்களும் எட்டிப் பார்த்தார்கள்.

டீக்கடை பாய்தான் கையைப் பிடித்து நிறுத்தினார். "பதறாதீங்க தம்பி. அம்மா உள்ள ஃபேனுக்கடியில உக்காந்திருக்காங்க" என்றார். உள்ளே அண்ணி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், முகம் கழுவி, பொட்டு வைத்து, பாய் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் தொலையவில்லை வேலு. நாம்தான் தொலைந்துபோயிருந்தோம். "வண்டி எங்க போயிரும், மலைக்குத் திரும்பணும்னா இந்தப் பக்கந்தான வந்தாகணும்" என்று பாயிடம் சொல்லியிருக்கிறார். உன்னைப் பார்த்ததும் சிரித்தார். நீ அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, அத்தனை பேர் முன்னால், "ஒன்னயக் கூட்டிட்டு வந்ததே தப்பு" என்றாய்.

அண்ணி டம்ளரைக் கீழே வைத்தார். "வீட்டுக்குப் போவோம்" என்றார். அவ்வளவுதான். கடல் அங்கேயே நின்றுவிட்டது. மறுநாள் வெள்ளனே பத்திரிகையைப் பழனியில் கொண்டுபோய் வைத்தோம். எல்லாம் ஒரே முருகன்தான், வேறு பிராஞ்ச் என்று நான் சொன்ன ஜோக்குக்கு யாரும் சிரிக்கவில்லை.

நீ அன்று ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். உன் பக்கத்தில் ஓடி வந்தவன் நான். பயம்தான். அப்பா இல்லாத வீட்டில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆள், அந்த ஆளின் சீட்டில் ஒரு கைப்பை மட்டும் உட்கார்ந்து மணி அடித்தால் எவனுக்கும் ரத்தம் உறைந்துபோகும். அப்படி உறைந்தது இளகும்போது கோபமாகத்தான் இளகும். அம்மா பத்திரமாக இருக்கிறாள் என்று தெரிந்த அந்த நொடியில்தான் நீ கத்தினாய், அதற்கு முன் கத்தவில்லை. இது எனக்குப் புரிந்தது. பாய்க்கும் புரிந்திருக்கும், அவர் உனக்கும் ஒரு டீ போட்டார், நீ குடிக்கவில்லை. ஆனால் அண்ணிக்குப் புரிந்தது வேறு. தன்னை ஒரு சுமை என்று பிள்ளை நினைக்கிறான், சென்னையில் படித்த பெண்ணைக் கட்டிக்கொண்டு போகிறவனுக்கு முறுக்குத் தூக்கும் குமட்டலுமாக ஒரு அம்மா வெட்கமாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். இந்த ஒரு வருஷத்தில் அதை அவர் ஒரு தடவையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சேலையை அடித்தட்டில் வைத்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

நீ என்ன நினைக்கிறாய் என்றும் ஊகிக்கிறேன். அம்மாவை வீட்டிலேயே வைத்துவிட்டால் தொலைய மாட்டாள், உனக்கும் அந்த மாதிரி இன்னொரு நாள் வராது, நீயும் அந்த மாதிரி இன்னொரு வார்த்தை சொல்ல மாட்டாய். அலைச்சல் என்று நீ சொன்னது அவருடைய அலைச்சலை இல்லை, உன்னுடையதை. தப்பில்லை அப்பா. ஆனால் கேள். வேன் ஓட்டிப் பிழைத்தவன் என்ற முறையில் பயணத்தைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். எத்தனையோ குடும்பங்களை ஏரிக்கும் பைன் காட்டுக்கும் ஏற்றி இறக்கியிருக்கிறேன். ஒருத்தன் கூட நினைத்தபடி டூர் முடித்துப் போனதில்லை. குழந்தை காய்ச்சலில் கிடக்கும், மாமனாருக்கும் மருமகனுக்கும் சண்டை வரும், தூண் பாறைக்குப் போனால் பாறை தெரியாமல் எல்லாம் மேகமாக இருக்கும். கோபித்துக்கொண்டுதான் மலை இறங்குவார்கள். பிறகு சில வருஷம் கழித்து அதே குடும்பம் வந்து, "டிரைவர் அண்ணே, அந்தத் தடவ ஒண்ணுமே தெரியாமப் போச்சே, ஞாபகமிருக்கா" என்று கேட்டு, தெரியாமல் போனதைப் பற்றியே வழியெல்லாம் பேசிச் சிரிப்பார்கள். ஒழுங்காக நடந்த டூரைப் பற்றி எவனும் என் வண்டியில் பேசிக் கேட்டதில்லை. வத்தலக்குண்டுக் கதையும் அப்படி ஆகியிருக்க வேண்டியது. கொய்யாக்கார அம்மாளை வைத்து நாம் பேரன் பேத்தி காலம்வரை சிரித்திருக்கலாம். நீ சொன்ன அந்த ஒரு வாக்கியம் நடுவில் உட்கார்ந்துகொண்டு யாரையும் சிரிக்கவிடாமல் செய்கிறது. அதை எழுப்பி விடுகிறவன் நீயாகத்தான் இருக்க முடியும். நான் எத்தனை ஜோக் சொன்னாலும் அது நகரவில்லை, முயற்சி பண்ணிப் பார்த்துவிட்டேன்.

நீயும் நர்மதாவும் போய்க் கடலில் முங்கினால் வேண்டுதல் தீர்ந்துவிடுமா என்று சாமியிடம் நான் கேட்கவில்லை, அவருக்கும் எனக்கும் அவ்வளவு பழக்கம் இல்லை. ஆனால் வேண்டிக்கொண்ட கை ஒன்று, பிடிக்க வேண்டிய கை ஒன்று. அந்தக் கை உன்னுடையது. வேறு ஆள் அனுப்புகிற சோலி இல்லை அது.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். உட்கார்ந்துகொள். நேற்றுக் காலை அண்ணி வாசலில் கோலம் போட்டு நிமிர்ந்தபோது நான் போய், "அண்ணி, நேத்து நீங்க தூங்கினப்புறம் வேலு எனக்குத் தனியாப் போன் பண்ணான்" என்றேன்.

"என்னவாம்?"

"அம்மா வராம நான் மட்டும் எப்படிப் போவேன்னு ஒரே அழுக. அவன் அழுத அழுகையில மெட்ராஸ்ல ரெண்டு ஏரி ரொம்பிருச்சாம், போட் விடுறாங்களாம்."

அண்ணி கோலப்பொடிக் கையைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். வைகை அணையைப் பார்த்த அதே பார்வை. "அப்படியா. வேற என்ன சொன்னான்?"

"கையப் புடிச்சிக்கிட்டுக் கடல்ல எறங்கணுமாம். அன்னைக்கு ஏதோ வாய் தவறிப் பேசிட்டேன்னும் சொன்னான்."

அண்ணி கோலப்பொடிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் வழக்கம்போல் தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மத்தியானம் பின்பக்கம் போனால், கொடியில் அந்த அரக்குச் சுங்குடிச் சேலை தொங்கிக்கொண்டிருந்தது. புதுச்சேலையைக் கஞ்சி போக அலசிப் போட்டிருக்கிறார். சித்தி என்னிடம் ரகசியமாக, "நீங்க சொன்னத நம்பிட்டாங்க போல" என்றாள். அவள் இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷமாகியும் அண்ணியைப் புரிந்துகொள்ளவில்லை. அண்ணி நம்பவில்லை வேலு. நீ போன் பண்ணவில்லை என்று அவருக்குத் தெரியும். நீ அழவில்லை என்றும், ஏரி நிரம்பவில்லை என்றும் தெரியும். தெரிந்துகொண்டேதான் சேலையை நனைத்திருக்கிறார். நான் சொன்ன பொய்யை நீ உண்மையாக்குவதற்கு உனக்கு நேரம் கொடுத்திருக்கிறார்.

ஆகவே ஏற்பாடு இதுதான். வெள்ளிக்கிழமை ரயிலேறி, சனிக்கிழமை காலையில் நீயும் நர்மதாவும் மதுரையில் இறங்கிவிடுங்கள். மேற்கொண்டு ரயில் வேண்டாம். ஸ்டேஷன் வாசலில் என் வேன் நிற்கும். நேர்ரோட்டில் அம்மாவுக்குக் குமட்டினால் இருக்கட்டும் என்று, அங்கங்கே ஸ்டியரிங்கை ஒடித்து இல்லாத வளைவை எல்லாம் உண்டாக்கித் தருகிறேன். போலீஸ் பிடித்தால் நீ பேசிக்கொள். வழியில் கொய்யா வாங்குவோம், ஆனால் வண்டியின் மேல் யாரும் கை வைக்கக் கூடாது. மலையில் கிளம்பும்போதும் சரி, மதுரையில் உங்களை ஏற்றிய பிறகும் சரி, கடைசி சீட்டிலிருந்து அந்த இரண்டு தட்டு விழாமல் நான் வண்டியை எடுக்கப் போவதில்லை. வேறு யார் தட்டினாலும் எடுக்க மாட்டேன், இந்த முறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன்.

ஆனால் இதெல்லாம் நான் கூப்பிட்டால் நடக்காது. நீ கூப்பிட வேண்டும். என் போனில் இல்லை, சித்தியின் போனில் இல்லை, ஸ்பீக்கரில் இல்லை. அம்மாவின் போனுக்கு அடி. அது இப்போது அவர் இடுப்பிலேயே இருக்கிறது, வத்தலக்குண்டுக்குப் பிறகு அதை அவர் எங்கும் வைத்துவிட்டுப் போவதில்லை. எடுத்ததும் பெரிதாக ஒன்றும் பேசாதே, உனக்கு அது வராது. அன்றைக்குப் பயந்துட்டேன் என்று சொன்னால் போதும். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

இதை எழுதும்போது மேகம் கொல்லைப்புறம்வரை இறங்கிவிட்டது. சேலை இன்னும் கொடியில்தான் கிடக்கிறது. நேற்றிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கிறது, உள்ளே எடுத்துப் போடுங்கள் என்று சித்தி சொன்னதற்கு, "கெடக்கட்டும், காயட்டும்" என்று அண்ணி சொல்லிவிட்டார். இந்த ஈரத்தில் அது காய எப்படியும் நாளாகும். அதற்குள் கூப்பிடு. வெரசா.

உன் பெயரில் சொன்ன பொய்யோடு காத்திருக்கும்,
உன் சின்ன அப்பா